ஒரு நொதியும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும்

அந்த நொதி வந்து சேர்ந்த சனிக்கிழமை காலையில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். செய்தது தெரியாமலே பத்து நாள் இருந்தேன்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். இராஜபாளையத்து வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை என்றால் என் கணவரின் அம்மா. சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணியைச் சுருட்டிப் பாக்கெட் போடும் வேலை அவர்களுக்கு. எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. நான் கல்லூரியில் என்ன செய்கிறேன் என்று அவர்கள் கேட்டதில்லை. யாராவது கேட்டால், "மருந்துக் காலேஜ்ல படிக்கா" என்று சொல்லிவிடுவார்கள்.

நான் படித்தது ஒரே ஒரு நொதியைப் பற்றி. நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் டி.என்.ஏ.வை இன்னொரு படி எடுத்தாக வேண்டும். அதற்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்ய ஃபோலிக் அமிலம் பயன்படுகிறது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதி நின்றால் டி.என்.ஏ. உருவாவது நிற்கும், செல் பிரிவதும் நிற்கும். மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதை வளர்த்து, அதிலிருந்து பிரித்தெடுத்த நொதியைச் சின்னக் குப்பியில் அடைத்து விற்பார்கள். குப்பியின் அடியில் ஒரு சொட்டு இருக்கும், அவ்வளவுதான். மேலே 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். பிளவக்கல் அணைப் பக்கத்து மலையடிவாரத்தில் பறித்து வந்த செடிகளின் சாறு எதுவாவது இந்த நொதியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

குப்பிக்காக நான்கு மாதம் காத்திருந்தோம். ஐதராபாத்திலிருந்து டிரை ஐஸ் பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஏழரைக்கு கூரியர் ஆபீசிலிருந்து போன் வந்தது. பெட்டி வந்துவிட்டது, ஆனால் கல்லூரிக்குப் போகிற வண்டி இன்றைக்கு இல்லை, திங்கட்கிழமைதான் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் டிரை ஐஸ் முழுதும் ஆவியாகி நொதி செத்துவிடும்.

"நானே வந்து வாங்கிக்கிடுதேன், கொஞ்சம் ஆபீஸ திறந்து வைங்க."

"மேடம், பேப்பர் எல்லாம் காலேஜ் பேர்ல இருக்கு. லெட்டர் வேணும்."

அந்த நேரத்தில்தான் அத்தை அடுப்படியிலிருந்து வந்து என் முன்னால் நின்றார்கள். இரண்டு கையிலும் ஒவ்வொரு மாத்திரை அட்டை.

ஆறு மாதமாக அவர்களுக்கு விரல் மூட்டுகள் வீங்கிக்கொண்டிருந்தன. காலையில் எழுந்தால் தம்ளரைப் பிடிக்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து தனியாகவே டாக்டரிடம் போய்வந்திருந்தார்கள். மூட்டுவாதம் என்று சொல்லி இரண்டு மாத்திரை எழுதியிருக்கிறார். ஒன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும், இன்னொன்று மற்ற ஆறு நாளும், ராத்திரி சாப்பிட்ட பிறகு என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எது எது என்று குழப்பம். இரண்டுமே மஞ்சள், இரண்டுமே மிளகு அளவு.

"ஏம்மா, இதுல ஞாயித்துக்கெழம போடுறது எது?"

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர்கள் இடது கையில் இருந்ததைக் காட்டினேன்.

"அப்ப இது தெனமும்?"

"ஆமா."

எழுத்தை வாசிக்கவில்லை. சீட்டைக் கேட்கவில்லை. ஏன் இடது கையைக் காட்டினேன் என்று இன்றைக்கு வரை யோசித்துப் பார்க்கிறேன். காரணம் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று விநாடி இருக்கும். அத்தை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். நான் கடிதத்துக்கு ஆள் பிடித்து, கூரியர் ஆபீசுக்கு ஓடி, பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குப்பியை ஆய்வகத்தின் டீப் ஃப்ரீசரில் வைத்து மூடியபோது பெரிய காரியம் செய்து முடித்ததுபோல் இருந்தது.

அடுத்த பத்து நாளும் நொதி நன்றாக வேலை செய்தது. கருவியில் ஒளியின் அளவு கோடாக விழும். நொதி வேலை செய்தால் கோடு சரிவாக இறங்கும். தடுத்துவிட்டால் படுத்த மாதிரி நேராகக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, நொதியைத் தடுக்கும் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் சேர்ப்போம். மெத்தோட்ரெக்ஸேட். பழுப்பு பாட்டிலில் மஞ்சள் தூள். அதில் ஒரு துளி போட்டால் போதும், கோடு அப்படியே படுத்துவிடும். தினமும் கையுறை போட்டு அந்தத் தூளை எடை போட்டேன். தினமும் நோட்டில் அதன் பெயரை எழுதினேன்.

வீட்டில் ஆறாவது நாள் அத்தை வாய் எரிகிறது என்றார்கள். உடம்புச் சூடு என்று நினைத்தேன். மணத்தக்காளிக் கீரை வாங்கிவந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தேன். இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்கள்.

"முழுங்க முடியல. மோர் இருந்தாக் குடு."

எட்டாவது நாள் அவர்கள் முழங்கைக்கு மேலே இரண்டு இடம் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, கட்டிலில் இடித்திருப்பேன் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் எனக்கு ஆராய்ச்சிக் குழு முன்னால் ஆய்வறிக்கை வாசிக்க வேண்டியிருந்தது. மனசு முழுக்க அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, என் வழிகாட்டியான பேராசிரியர் ஒத்திகை பார்க்கலாம் என்று கூப்பிட்டார். அறையில் அவரும் நானும், என்னோடு வேலை செய்யும் தோழியும் இருந்தோம். நான் படம் போட்டு விளக்கிக்கொண்டே வந்தேன். படுத்த கோட்டைக் காட்டியபோது நிறுத்தினார்.

"வெளியில இருந்து வர்றவங்க இதக் கேப்பாங்க. இந்த மருந்த கேன்சருக்கு மட்டுமா குடுக்காங்க?"

"இல்ல சார். மூட்டுவாதத்துக்கும். கொஞ்ச அளவுல, வாரம் ஒரு நாள்."

"ஏன் வாரம் ஒரு நாள்? தெனமும் குடுத்தா என்ன?"

பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனேன். "நொதிய விடாம தடுத்துரும் சார். வேகமாப் பிரியிற செல்லெல்லாம் முதல்ல அடி வாங்கும். வாய்த் தோல்ல புண்ணு வரும், சாப்பிட முடியாது. பொறவு எலும்பு மஜ்ஜை. வெள்ளை அணு குறையும், தட்டணு குறையும், லேசா இடிச்சாலே நீலமா..."

சார் அடுத்த சொல்லுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்றாள் தோழி.

"எங்க அத்தை," என்றேன். "மாத்திரைய நான்தான் காட்டுனேன்."

அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஐஸ் டப்பாவில் வெளியே எடுத்து வைத்திருந்த நொதிக் குழாய் நினைவுக்கே வரவில்லை.

அத்தைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கம்பெனியில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பஸ் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது, ஆனால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் பக்கத்திலேயே நின்றேன். அட்டையின் பெயர் என்னவென்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. பத்து நாளாக அடுப்படி அலமாரியில் என் கண் முன்னால் கிடந்த அட்டை. ஒருவேளை வேறு ஏதாவது மாத்திரையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இராஜபாளையம் வருவதற்கு முன்னால் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு மெல்லப் போனது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போனார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் செருப்போடு அடுப்படிக்குள் நுழைந்தேன். ஒரு அட்டையில் இரண்டு மாத்திரை காலி. இன்னொன்றில் எட்டு காலி. பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரிகிற எழுத்தில், நான் தினமும் நோட்டில் எழுதுகிற பெயர். எட்டு காலியான அட்டை அதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டது ஃபோலிக் அமிலம்.

அட்டைகளையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து கம்பெனிக்குப் போனேன். கேட்டில் விவரம் சொல்லி உள்ளே விட்டார்கள். நீளமான கூடம். வெள்ளைத் துணி எங்கே பார்த்தாலும். பத்துப் பதினைந்து பெண்கள் தலையில் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கடைசியில், சுவரோரம். மூன்று நாளாக மோரும் கஞ்சித் தண்ணியும்தான் உள்ளே போயிருந்தது, ஆனாலும் கை ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மகனுக்கு ஏதோ என்றுதான் நினைத்திருக்கிறார்கள். முகம் மாறிவிட்டது.

"அவனுக்கு என்ன?"

"அவியளுக்கு ஒண்ணுமில்ல அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போவணும், வாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"செத்த நேரம் பொறு. இந்தக் கட்டு முடிச்சுட்டு வாரேன். வாய்ப்புண்ணுக்கு எவளாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து அவர்கள் காதருகில் சொன்னேன். "அத்தை, நான் மாத்திரைய மாத்திக் காட்டிட்டேன். வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியத நீங்க தெனமும் போட்டிருக்கீங்க. அதுதான் வாயி வெந்திருக்கு. ரத்தமும் கொறைஞ்சிருக்கும்."

அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். கையிலிருந்த சுருளைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடித்து, எழுந்தார்கள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் எவ்வளவு தளர்ந்துபோயிருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கையிலும் காலிலும் கன்றியிருந்த இடங்களைப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் தெளிவா எழுதியிருக்கேனே. யாரும்மா தெனமும் போடச் சொன்னது?"

அத்தை சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் டாக்டர்."

"நீங்க என்ன பண்ணுறீங்க?"

சொன்னேன். எந்த நொதி, எந்த மருந்து என்பதையும் சேர்த்தே சொன்னேன். மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் ஒரு நிமிஷம் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

இரண்டரை மணிக்கு ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணு பாதிக்கும் கீழே. தட்டணுவும் குறைவு. சிறுநீரகம் மட்டும் தப்பித்திருந்தது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "மாத்திரைய நிறுத்துனா மட்டும் போதாது. ஃபோலினிக் ஆசிட் ஊசி போடணும். இன்னைக்கே ஆரம்பிச்சாகணும். எங்க ஃபார்மசில இல்ல. வெளியில விசாரிங்க. நானும் மதுரைக்குச் சொல்லுதேன்."

ஃபோலினிக் அமிலம் என்றால் எனக்குத் தெரியும். நொதி மாற்றிக் கொடுக்க வேண்டிய பொருள், ஏறக்குறைய மாற்றிய வடிவத்திலேயே. நொதி செத்துக் கிடந்தாலும் செல் அதை எடுத்து டி.என்.ஏ. செய்துகொள்ளும். தெருவில் நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். பாதிப் பேருக்குப் பெயரே தெரியவில்லை. ஃபோலிக் ஆசிட் அட்டையை எடுத்து நீட்டினார்கள்.

ஐந்தாவது கடை வாசலில் நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது. எங்கள் ஆய்வகத்துக் குளிர்பெட்டியில், இரண்டாவது தட்டில், ஃபோலினிக் அமிலம் ஒரு பாட்டில் இருக்கிறது. நான் வாங்கி வைத்தது. மூடியைக்கூட உடைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் போய் எடுத்து வந்துவிடலாம். தண்ணீரில் கரையும். எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போடவே ஆரம்பித்துவிட்டேன். சாருக்குப் போன் செய்தேன்.

"சார், ஃப்ரிட்ஜ்ல அந்த ஃபோலினிக் பாட்டில் இருக்குல்லா? நான் எடுத்துக்கிடட்டுமா?"

அவருக்குப் புரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"தொடாத. அது மருந்து இல்ல. சுத்தம் பண்ணுனது குழாய்க்கு, மனுசன் நரம்புக்கு இல்ல. வெள்ளை அணு குறைஞ்ச ஆளுக்கு அத ஏத்துனா கிருமி ஏறியே செத்துப் போவாங்க."

"வாய் வழியா..."

"வேண்டாம்னு சொல்லுதேன். ஊசி எங்க கெடைக்கும்னு பாரு."

போனை வைத்துவிட்டு அந்தக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அவர் சொன்னது சரி என்று தெரியும். அது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தாங்க முடியவில்லை.

தோழி கூப்பிட்டாள். சார் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளுடைய அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். "எங்க அத்தா மதுரைல கேன்சர் மருந்து விக்கிற ஏஜென்சிக்குப் பேசிட்டாங்க. அங்க இருக்கு. ஏஜென்சிப் பையன் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோறான். செங்கோட்டை பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விடுவான். டாக்டர் சீட்ட போட்டோ எடுத்து இப்பவே அனுப்பு."

அனுப்பினேன். நாலு மணிக்கு பஸ் நம்பர் வந்தது. ஆஸ்பத்திரியில் அத்தைக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தார்கள், தூங்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வருமா?" என்றார்கள்.

"வந்துரும். பஸ் ஏத்தியாச்சு."

"எம்புட்டு நேரம் ஆவும்?"

"ரெண்டரை மணி நேரம்."

"நீ போய் ஒரு காப்பி குடி. மொகத்தப் பாக்க முடியல."

ஆறு மணியிலிருந்து புது பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மதுரையிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நம்பரையும் பார்த்தேன். ஆறே முக்கால் ஆகியும் வரவில்லை. டயர் ஏதும் வெடித்திருக்குமோ, கண்டக்டர் மறந்து நேரே செங்கோட்டைக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று என்னென்னவோ ஓடியது. கடைசியில் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. கண்டக்டர் இறங்குவதற்கு முன்பே படியில் ஏறிக் கேட்டேன். மருந்தைக் காக்கிச் சட்டைப் பையில் போடாமல் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு துணியில் சுற்றி வெயில் படாமல் வைத்திருந்தார். "உயிர் மருந்துன்னு சொன்னாங்க," என்றார். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

ஏழேகாலுக்கு முதல் ஊசி போட்டார்கள். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒன்று.

அதோடு முடியவில்லை. மறுநாள் அணு இன்னும் இறங்கியது. மஜ்ஜை எழுந்து வர நேரம் ஆகும், முன்னாலேயே பட்ட அடி இப்போதுதான் ரத்தத்தில் தெரியும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. தனி அறைக்கு மாற்றினார்கள். முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போக விட்டார்கள். காய்ச்சல் அடங்காவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். நான் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு நாள் ரிப்போர்ட்டையும் தாளில் புள்ளி வைத்து கோடு இழுத்துப் பார்த்தேன். என் வேலையே கோடு பார்க்கிறதுதான். ஆனால் இப்படிப் பயந்துகொண்டு பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் இறங்குவது நின்றது. ஆறாம் நாள் கொஞ்சம் ஏறியது. அன்றைக்குக் காலையில் அத்தை இட்லியைப் பாலில் கரைத்துக் குடித்தார்கள்.

அதற்கிடையில் தோழி சொன்னாள், அன்றைக்கு நான் விட்டுவிட்டு ஓடிய நொதிக் குழாய் வீணாகிவிட்டது என்று. எல்லாரும் பதற்றத்தில் மறந்துவிட்டார்கள். ஐஸ் கரைந்து சாயங்காலம் வரை வெளியில் கிடந்திருக்கிறது. மூன்று வாரச் சோதனைக்கு ஆகும் அளவு. சார் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஆய்வறிக்கையை ஒரு மாதம் தள்ளிவைத்துக் கொடுத்தார்.

அத்தை பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அது வரை கணவரிடம், காய்ச்சல், சேர்த்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அத்தையும் அதற்கு மேல் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீடியோ காலில் நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அங்கன மருந்தத்தான படிக்க? வீட்டுல ஒரு அட்டைய வாசிக்க முடியல. எதுக்கு இந்தப் படிப்பு? பேசாம விட்டுட்டு வீட்டுல இரு."

பன்னிரண்டு நாளாக நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டிப் போனை வாங்கினார்கள். வாய் இன்னும் முழுதாக ஆறவில்லை. மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"ஏலே, அவ படிக்கப் போவட்டும். அவ படிக்கப் போய்த்தான் கண்டுபிடிச்சா, இல்லாட்டி நான் இன்னேரம் போய்ச் சேந்திருப்பேன். மாத்திரைய மட்டும் அவ தொட வேண்டாம். அத நான் பாத்துக்கிடுதேன்."

அப்படியே செய்தார்கள். வேறு மருந்து எழுதிக் கொடுத்தபோது என்னைக் கூட்டிப்போனார்கள், ஆனால் டாக்டர் சொன்னதைத் தாங்களே இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். மருந்துக்கடையில் ஒவ்வொரு அட்டை மேலும் தமிழில் நாள் எழுதி வாங்கினார்கள். புது மருந்து பிடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் மூட்டு வீக்கம் பழையபடி வந்து, கம்பெனிக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள். காலையில் நான்தான் தலை பின்னிவிட்டேன். தம்ளரை அவர்கள் வாய் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடிந்ததில்லை. அவர்கள் பார்த்தார்கள். ஒரு நாள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "அந்தக் குழாயில என்னதான் பாக்க? சொல்லு, கேப்போம்," என்றார்கள். எட்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.